மொட்டைமாடித் தோட்டமும் பூட்டிய சூட்கேசும்

கொழும்பில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க வெயில்தான், இடையிடையே மழை. ஆனால் வெள்ளவத்தையில் நாங்கள் ஜூலையையும் ஓகஸ்டையும் ‘சமர்’ என்று சொல்லப் பழகிவிட்டோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பள்ளிக்கூடங்களை மூடுகிற காலம் அது. காலி வீதியில் அரைக் காற்சட்டையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக எங்கள் சனம் நடமாடத் தொடங்கும். ஐந்தாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாலே போதும். யார் இங்கே இருப்பவர், யார் வந்துவிட்டுப் போகிறவர் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவேன்.

சென்ற வருடத்துச் சமரில் என் மகளும் வந்தாள். அந்த இரண்டு மாதத்தில் சந்தேகப்பட்ட அளவுக்கு நான் வாழ்நாளில் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக வந்தன என்று கேட்டால் அதற்கு என் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் காலமாகி முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததுமே பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். தனியாக இருந்து என்ன செய்யப் போகிறேன், லண்டனில் மகளோடு ஆறு மாதம், ரொறன்ரோவில் மகனோடு ஆறு மாதம் என்று பேச்சு. நான் என்ன பந்தா, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் உருள? என் சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் போனாள். இப்போது தொலைபேசியில் அழைத்தால் வேறு கதை கிடையாது, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பக்கத்து வீட்டு மதிலைப் பற்றித்தான் சொல்லுகிறாள். இந்த வீடு எனக்கு வேண்டும். இந்த உப்புக் காற்றும், கடலோரம் போகும் ரயிலின் சத்தமும், அவருடைய சேட்டுகள் தொங்குகிற அலுமாரியும் எனக்கு வேண்டும். அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்காது. முழங்கால் நோகிறது என்றால் அங்கே நல்ல டொக்டர் இருக்கிறார் என்பார்கள். கோயில் என்றால் அங்கேயும் கோயில் இருக்கிறது. யாராலும் பதில் சொல்ல முடியாத ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

அதனால் பாமன்கடைப் பக்கம் போய் இரண்டு கத்தரிக் கன்று வாங்கி வந்து மொட்டைமாடியில் வைத்தேன். மகன் அடுத்த முறை அழைத்தபோது, ‘நான் வந்தால் கண்டுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?’ என்று கேட்டேன். ரொறன்ரோவில் உடனே கதை மாறியது. சரி, மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு யாராவது ‘தனிய’ என்று வாயைத் திறந்தால் மறுநாள் ஒரு கன்று கூடும். பெயின்ற் வாளியில் தக்காளி, அரிசிப் பையில் வெண்டி, மீன்கடையில் கேட்டு வாங்கிய, ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் வல்லாரையும் பொன்னாங்காணியும். ரிவி அன்ரனா கம்பியைப் பிடித்துப் பாவற்கொடி ஏறியது. இரண்டாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் பெண் ஒரு கறிவேப்பிலைக் கன்று தந்து, புளித்த மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தென்மேற்குக் காற்று அடித்தால் கடல் உப்பு இலையெல்லாம் படியும். விடிய எழும்பி நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். சந்தேகம் நல்ல பசளை, மோரை விட நல்ல உரம். ஒன்றரை வருடத்தில் அங்கே கால் வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

இந்த நிலையில்தான் மகள் வந்திறங்கினாள். தனியாக. மருமகன் எங்கே என்றால் வேலையாம். வழக்கமாக இரண்டு கிழமை நிற்பாள், அதற்கே லீவு கிடைப்பதில்லை என்று அழுவாள். இந்த முறை எவ்வளவு நாள் என்று கேட்டால், “பாப்பம் அம்மா” என்றாள். கொம்பியூட்டரில் இருந்தபடியே வேலை செய்யலாமாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எனக்குள் ஒரு மணி அடித்தது.

சூட்கேஸ் இரண்டு. ஒன்றை அன்றைக்கே திறந்து சொக்லேட்டும் எனக்கு ஒரு கைப்பையும் எடுத்துத் தந்தாள். மற்றது பூட்டியபடி, அவருடைய அலுமாரி நிற்கும் அவளுடைய அறையில் கட்டிலுக்குக் கீழே போனது. பிறகு திறப்போம் என்றாள். அந்தப் பிறகு வரவேயில்லை. அறை கூட்டுகிற சாக்கில் ஒரு நாள் அதை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவளிடம் கனமும் இருந்தது, பயமும் இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று இரண்டு இரவு யோசித்தேன். மூன்றாம் நாள் விடை கிடைத்துவிட்டது: எனக்கு வாங்கிய குளிர் உடுப்பு. கோட்டு, சப்பாத்து, கம்பளிக் காலுறை. என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டு, கடைசி நாளில் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடப் போகிறாள்.

விடை கிடைத்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. விடிய நான் மேலே போனால் பின்னால் வருவாள். எந்தக் கன்றுக்கு எவ்வளவு தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எதற்கு ஊற்றலாம், வெண்டியை எந்தப் பருவத்தில் பிடுங்குவது என்று ஓயாமல் கேட்பாள். லண்டனில் ஒரு பூச்சாடியைக் கூட உயிரோடு வைத்திருக்காத பிள்ளை! எனக்குப் பதிலாக ஆள் வைக்கத்தான் படிக்கிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்ற இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் என் சாட்டு போய்விடும். அதனால் நான் ஒவ்வொன்றையும் கஷ்டமாகச் சொன்னேன். பாவலுக்குக் காலையில் தொட்டால் கோபம் வரும், தக்காளிக்கு ஆள் மாறினால் பிடிக்காது என்றெல்லாம் சொன்னேன். அவள் அதையும் நம்பி, தக்காளியோடு கதைத்துப் பழகினாள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் காலைகள் எனக்குப் பிடித்திருந்தன. சூரியன் கட்டிடங்களுக்குப் பின்னால் இருந்து மெல்ல ஏறும். நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்து இலைக்குப் பின்னால் பூச்சி தேடுவோம். பிளாஸ்ரிக் கோப்பையில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். அவள் சின்ன வயதில் கூட இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து இருந்ததில்லை. எவ்வளவு அன்பாக நடிக்கிறாள் என்று நினைத்து, எனக்கு அவள்மேல் கோபமும் ஆசையும் ஒன்றாக வரும்.

ஒரு காலையில் மூன்றாம் மாடிக்கு வந்திருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண் மெல்பேணில் புருஷனை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள். அவள் இங்கே சந்தோஷமாக இருக்கிறாளா என்று என் மகளுக்கு என்ன அக்கறையோ. நான் கத்தரி இலையில் இருந்த புழுவிலேயே கண்ணாக இருந்தேன்.

“கட்டிக்குடுத்த பிள்ளை திரும்பி வாசல்ல வந்து நிண்டா தாய்க்கு என்ன சந்தோஷம்?” என்றேன்.

அவள் ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு எழும்பினாள். நான் புழுவை நசுக்கிவிட்டு அடுத்த வாளிக்குப் போனேன்.

ஆடிப்பிறப்பு அன்று கொட்டாஞ்சேனையில் இருந்து என் தங்கச்சி வந்தாள். வறுத்த பயறும் பனங்கட்டியும் அவள் கொண்டுவருவாள், கூழ் என் குசினியில் காய்ச்சுவோம். அதுதான் எங்கள் வழக்கம். நான் மேலே போய் மூன்று பேருக்கும் ஒரு பிடி வல்லாரை கிள்ளிக்கொண்டு இறங்கினால், குசினியில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் தங்கச்சி கூழ் தடித்துவிட்டது என்றாள். தடிக்கவில்லை, நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓட்டோ பிடித்து வரத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு வருவதென்றால் அவளுக்கு வெளிநாட்டுப் பயணம். மாதம் ஒரு முறை வருவதற்கே முதுகு வலி என்பவள், வாராவாரம் ஏன் வருகிறாள்? மகனும் ரொறன்ரோவில் இருந்து அடிக்கடி அழைத்து, “அக்கா ஏதும் கேட்டால் கோவிக்காமல் கேளுங்கோம்மா” என்பான். ஆடு நனைகிறதென்று ஓநாய்கள் மூன்று சேர்ந்து அழுதால் ஆட்டுக்குத் தெரியாமல் போகுமா?

இன்னொன்று. மகள் இடையிடையே நல்ல சேலை உடுத்து, கையில் கடதாசிகள் வைத்த பைலோடு வெளியே போய்வருவாள். சிநேகிதியைப் பார்க்கவாம். சிநேகிதியைப் பார்க்கப் போக பைல் எதற்கு? விசா அலுவல், அல்லது வீட்டுத் தரகர். இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் அவள் அவருடைய அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்பாவின் சேட்டுகளை யாருக்காவது கொடுக்கலாமே என்று மெதுவாகச் சொன்னபோது, தரகர்தான் என்று உறுதியாகிவிட்டது. வீட்டைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று பின்னேரமே போய் ஒரு புடலங் கன்றும் இரண்டு பயிற்றங் கன்றும் வாங்கி வந்து நட்டேன். ஆடிப் பட்டம் தேடி விதை என்று யார் சொன்னார்களோ, அந்த ஆடியில் என்னைப் போல் தேடி விதைத்தவர் கொழும்பில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஓகஸ்ட் நடுவில் ஒரு பின்னேரம், கடலுக்கு மேல் வெயில் மஞ்சளாக இருந்தபோது, அது வந்தது. நான் பாவற்காய்க்குக் கடதாசிப் பை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“அம்மா, ஒண்டு கேக்கோணும். கோவிக்கக் கூடாது.”

இந்த நிமிடத்துக்காக நான் ஒன்றரை வருடம் வாளி வாளியாகத் தயாராகி இருந்தேன்.

“கேக்க வேண்டாம்,” என்றேன். “நீ வந்த நாளில இருந்து எனக்கு எல்லாம் தெரியும். நீயும் சித்தியும் தம்பியும் சேந்து கதைக்கிறதும் தெரியும். ஏலாது.”

அவள் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. “தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ ஏலாது எண்டுறீங்கள்?”

“ஓம். இந்த வீட்டில ஆருக்காகவும் நான் ஒண்டும் மாத்தப் போறதில்லை.”

கெஞ்சுவாள், நான் தொண்டை கிழியக் கதைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.  அவள் “சரியம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்து மிச்சக் கன்றுகளுக்கெல்லாம் ஒன்றையும் விடாமல் தண்ணீர் ஊற்றி முடித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அடுத்த கிழமை திரும்பிப் போவதாகச் சொன்னாள். வென்றுவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், நிலத்தில் கால் படாத சந்தோஷம். படுத்தால் மட்டும் நித்திரை வரவில்லை.

வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் மிளகாய் வறுத்துத் தூள் இடித்துக் கொடுத்துவிடுவது தெரிந்த விஷயம். அந்த வாசனை படியில் இறங்கினால், யாருக்கோ பயணம் வந்துவிட்டது என்று பிளாட் முழுக்கத் தெரிந்துவிடும். கேட்காமலே செய்வது தாயின் கடமை, தும்மிக்கொண்டே பொறுப்பது அயலவர் கடமை. வந்து இரண்டு கிழமையில் நான் எவ்வளவு மிளகாய் வாங்குவது என்று கேட்டபோது மகள் வேண்டாம் என்றிருந்தாள். தூள் கொண்டுபோகாத யாழ்ப்பாணத்துப் பெண்ணை நான் கண்டதில்லை. என் கோட்டு சப்பாத்துக்கே சூட்கேஸில் இடம் போய்விட்டதால் வேண்டாம் என்கிறாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதுதான் நான் போகவில்லையே, இடம் இருக்கும். மறுநாளே செத்தல் மிளகாய் வாங்கி, வாளிகளுக்கு நடுவே பாய் விரித்து மொட்டைமாடியில் காயப் போட்டேன். சிவப்பாக அது பரந்து கிடப்பதைப் பார்த்து அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய தாச்சியை அடுப்பில் வைத்தேன். மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றாக வறுத்து இறக்கினேன். கறிவேப்பிலையை அவளையே மேலே போய் ஒடித்துவரச் சொன்னேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்கில் இருந்து இலையை உருவித் தந்தாள். மிளகாய் போட்டதும் புகை எழும்பியது. அவள் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. லண்டனில் இருந்து இருந்து புகை தாங்காமல் போய்விட்டது என்று நான் கேலி செய்தேன்.

“ஓம் அம்மா, புகைதான்,” என்றாள்.

வறுத்ததை ஆறவிட்டு, பையில் கட்டிக்கொண்டு அவள் மில்லுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி வந்தாள். லிப்டில் இருந்தே தும்மிக்கொண்டு வந்தவள், தாச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உட்காரவில்லை.

“அக்கா, பிள்ளையை வீட்டை விட்டுக் கலைக்கிறதுக்கோ மிளகாய் வறுத்தனீங்கள்?”

“நான் கலைக்கிறனோ? அவளெல்லோ என்னைக் கொண்டுபோக வந்தவள்.”

தங்கச்சி கைப்பையை மேசையில் வைத்தாள். “உங்களை ஆர் கொண்டுபோறது? அவளுக்கே அங்க இருக்க இடமில்லை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மருமகனும் மகளும் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. யாரோ சிநேகிதி வீட்டில் ஒரு அறையில் இருந்திருக்கிறாள். இங்கே வந்து என்னோடு இருக்கலாமா என்று கேட்கத்தான் வந்தாள். பைலோடு போனது வேலை கேட்டு. ஒரு வேலையும் சரிவந்துவிட்டதாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவர்கள் மூன்று பேரும் தலையோடு தலை வைத்துக் கதைத்தது. என் வாய் அப்படி. மூன்றாம் மாடிப் பெண்ணைப் பற்றி நான் சொன்னதை அவள் அன்றைக்கே அழுதபடி சித்தியிடம் சொல்லியிருக்கிறாள்.

“‘அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம் சித்தி, தெரிஞ்சுதான் ஏலாது எண்டவ’ எண்டு நேற்றுச் சொன்னாள். எனக்குக் கேக்கவே ஏலாமல் போச்சு அக்கா,” என்றாள் தங்கச்சி.

நான் அகப்பையோடு நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்ன என்னை விடப் பெரிய விசரி இந்த ஊரில் உண்டா? அவர்கள் மூன்று பேரும் ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டதில் பிழையில்லை. போட்டார்கள்தான். அந்தத் திட்டம் என் வீட்டில் இருந்து என்னை எடுப்பதாக மட்டும்தான் இருக்க முடியும் என்று நினைத்தேனே, என் வீடு இன்னொருவருக்கும் வேண்டியிருக்கும் என்று ஒரு தடவை கூட எனக்குத் தோன்றவில்லை.

நேரே மகளின் அறைக்குள் போனேன். இடுப்பில் இருந்த திறப்பை எடுத்து அவருடைய அலுமாரியைத் திறந்தேன். சேட்டுகளை ஹங்கரோடு அள்ளிக் கட்டிலில் போட்டேன். வெள்ளைச் சேட்டு, நீலச் சேட்டு, கல்யாண வீடுகளுக்குப் போடும் கோடு போட்ட சேட்டு. இரண்டு தட்டுகளையும் துணி கொண்டு துடைத்தேன். அப்போது வாசலில் சத்தம் கேட்டது. மகள், இடித்த தூள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தூள் இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும்.

“என்னம்மா செய்யிறீங்கள்?”

“மாத்துறன்,” என்றேன். “உன்ர சாமானை எடுத்து அடுக்கு.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சித்தியைத் திரும்பிப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த சேட்டுகளைப் பார்த்தாள். பிறகு தூள் பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அந்தச் சூட்கேஸை இரண்டு கையாலும் இழுத்து வெளியே எடுத்தாள்.

திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு குளிர்க் கோட்டு. நான் நினைத்தது சரிதான் என்று அந்த நேரத்திலும் என் புத்தி ஒரு கணம் துள்ளியது. அது அவளுடைய பழைய கோட்டு. அதற்குள்ளே எதையோ சுற்றி வைத்திருந்தாள். விரித்தபோது முதலில் ஒரு பித்தளைப் பாதம் வந்தது, பிறகு தண்டு, பிறகு ஐந்து முகத் தட்டு, கடைசியாக அன்னம். அவள் கல்யாணத்துக்கு நான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி, பொட்டு வைத்து அவள் கையில் கொடுத்துவிட்ட குத்துவிளக்கு. லண்டன் வீட்டில் இருந்து அவள் எடுத்துவந்த பெரிய சாமான் அது ஒன்றுதான்.

நான் கட்டிலில் உட்கார்ந்து அதை ஒவ்வொரு துண்டாக முடுக்கிப் பூட்டினேன். கண் தெரியவில்லை, புரி சரியாகப் பிடிக்கவில்லை. மிளகாய்ப் புகை எப்போதோ ஜன்னலால் போய்விட்டிருந்தது.